37ஆம் பிரிவும் ஒரு விசைப்பலகையும்: உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள 37ஆம் பிரிவைப் பற்றித்தான் இம்மடலை எழுதுகிறேன். ஒரு பொருளை விற்ற பிறகு, அதைப் பழுதுபார்க்கும் வசதியும் அதற்கான உதிரிப்பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைப்பதற்கு உற்பத்தியாளரும் விற்பனையாளரும் தக்க நடவடிக்கை எடுப்பார்கள் என்ற உத்தரவாதத்தை அப்பிரிவு நமக்குத் தருகிறது. ரசீதில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. எழுதாவிட்டாலும் உண்டு என்றே சட்டம் கொள்கிறது. ஆனால் அதை அடுத்து வரும் உட்பிரிவோ, பழுதுபார்ப்பு வசதிக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தாங்கள் பொறுப்பேற்கவில்லை என்று பொருளைக் கொடுக்கும்போதோ அதற்கு முன்போ பயனீட்டாளருக்கு அறிவித்துவிட்டால் அந்த உத்தரவாதம் பொருந்தாது என்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்த கதைதான் இது. அந்தப் பின்வாசல் வழியாக யார் யார் போகிறார்கள் என்பதை என் வேலைமேசையிலிருந்து தினமும் பார்க்கிறேன் என்பதால், தாங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு டெக்னீஷியனாகப் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தவன் நான். இப்போது பட்டர்வொர்த்தில் மடிக்கணினி பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் அங்கீகாரமும் எனக்கு இல்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குப் போய்வந்தவர்கள்தாம்.

அவர்களில் ஒருவர், பிறைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை. மேசையில் இருந்த மைலோ அவருடைய மடிக்கணினியின் விசைப்பலகையில் சிந்தி, இடைவெளிப் பட்டையும் ‘ஏ’ விசையும் செயலிழந்துவிட்டன. மலாய்மொழியில் ‘ஏ’ இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாது என்பது தங்களுக்குத் தெரியும். நாள் பாடத்திட்டம் எழுதுகிறவரின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரத்து முந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய அந்தக் கணினிக்கு அப்போது வயது இரண்டு ஆண்டு மூன்று மாதம். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. விசைப்பலகையைத் தனியாக மாற்ற இயலாது, கை வைக்கும் மேல்மூடி முழுவதையும் மாற்ற வேண்டும், ஆயிரத்து நூற்று எண்பது வெள்ளி ஆகும் என்று சேவை மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் அவர் ஒப்புக்கொண்டார். ஆறு வாரம் கழித்து, அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டதால் பாகம் வராது என்ற பதில் வந்தது. கணினியை என் மேசைமேல் வைத்துவிட்டு, “அண்ணே, ஒரு எழுத்துக்காகவா முழுசையும் தூக்கிப் போடணும்?” என்று கேட்டார்.

திறந்து பார்த்தேன். விசைப்பலகை அந்த மேல்மூடியோடு திருகாணியால் அல்ல, உருக்கி அழுத்திய பிளாஸ்டிக் குமிழ்களால் பிணைக்கப்பட்டிருந்தது. மொத்தம் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் செதுக்கி எடுத்து, வேறு விசைப்பலகையை வைத்து, சாலிடர் கம்பி முனையால் மறுபடி உருக்கி ஒட்டவைக்கலாம். அப்படிச் செய்தும் இருக்கிறேன். ஆனால் அந்த வேறு விசைப்பலகை எங்கிருந்து வரும்? சீனாவின் ஷென்சனிலிருந்து இணையக் கடை வழியாக வரும் பாகத்துக்குப் பெயரும் இல்லை, பொறுப்பேற்க ஆளும் இல்லை. பேட்டரியானால் இன்னும் மோசம். உறையில் அச்சிட்ட கொள்ளளவு ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்து நடந்ததைத்தான். அந்த ஆசிரியை கணினி வந்த பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தார். அதனுள் இருந்த சிறு கையேட்டின் மூன்றாவது பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், உத்தரவாதக் காலத்துக்குப் பின் உதிரிப்பாகங்கள் கிடைக்கும் என்று நிறுவனம் உறுதியளிக்கவில்லை என ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. 37ஆம் பிரிவு கேட்கும் அறிவிப்பு இதுதானா? பொருளைக் கொடுக்கும்போதோ அதற்கு முன்போ அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். முத்திரையிட்ட பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், கத்தியால் பிரித்த பிறகு கண்ணில் படும் ஒரு வரி எப்படி ‘அதற்கு முன்’ ஆகும் என்பது எனக்கு விளங்கவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகச் சொல்லலாம்தான். ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், ஐம்பதாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம் என்பது நம் நாட்டின் நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. ஆனால் எதிர்த்தரப்பு அந்தக் கையேட்டைத் தூக்கிக் காட்டும்போது, தனியாக நிற்கும் ஓர் ஆசிரியை சட்டத்தின் சொல்லுக்குச் சொல் பொருள் கூறி வாதாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அறிவிப்பு என்றால் எது, எங்கே, எந்த மொழியில், எந்த அளவு எழுத்தில் என்பதை அமைச்சுதான் தெளிவாக்க வேண்டும்.

மடிக்கணினிகளை இப்போது மெல்லியதாகச் செய்ய வேண்டியிருப்பதால் ஒட்டாமலும் உருக்காமலும் செய்ய வழியில்லை என்று உற்பத்தியாளர்கள் தங்களிடம் சொல்லக்கூடும். அதனால்தான் ஃபிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நிரவ் படேல் என்பவர் தொடங்கிய, சான் பிரான்சிஸ்கோவைத் தளமாகக் கொண்ட நிறுவனம் அது. பயனீட்டாளரே பிரித்துப் பழுதுபார்க்கவும் தரம் உயர்த்தவும் கூடிய மடிக்கணினியைச் செய்வோம் என்று சொல்லி, 2021ஆம் ஆண்டில் தன் முதல் 13 அங்குல மடிக்கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்னணுப் பொருள்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்சிட், அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது.

எனக்குத் தெரிந்தவரின் மகன் ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டுத் திரும்பியபோது அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். பழுது ஒன்றுமில்லை, நினைவகத்தைக் கூட்ட வேண்டும் என்றார். உண்மையில் அதற்கு என் உதவியே தேவைப்படவில்லை, எனக்குக் காட்டத்தான் கொண்டுவந்திருந்தார் என்று பிறகு புரிந்தது. அடிப்பக்கத்தில் ஐந்தே திருகாணிகள். தளர்த்தினால் அவை கழன்று உருண்டு ஓடாமல் அடித்தட்டிலேயே தங்கிவிடுகின்றன; தரையில் மண்டியிட்டுத் திருகாணி தேடியே ஆயுளில் பாதியைக் கழித்த எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. கணினியை நிமிர்த்தி மேல்மூடியைத் தூக்கினால் காந்தத்தின் பிடி விட்டு எழுந்து வருகிறது. உள்ளே நினைவகத்துக்கும் சேமிப்பகத்துக்கும் பொருத்து வாய்கள் இருக்கின்றன. பேட்டரி பசையால் ஒட்டப்படவில்லை, திருகியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்தின் மேலும் அதன் பெயரும் ஒரு கியூஆர் குறியீடும் இருக்கின்றன. கைப்பேசியைக் காட்டினால் அந்தப் பாகத்தை மாற்றும் வழிமுறை திரையில் வருகிறது. வேண்டிய திருப்புளியைக் கணினியோடு பெட்டியிலேயே வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

பசையிட்ட பேட்டரியை எடுப்பது எப்படி என்று இங்கே சொன்னால்தான் வேறுபாடு புரியும். நம் ஊர் வெப்பத்தில், நாள் முழுக்க மின்னேற்றியோடே கிடக்கும் கணினிகளில் பேட்டரி உப்பி, தொடுபலகையைக் கீழிருந்து நெம்பித் தூக்கிவிடும். அப்படி உப்பியதன் ஓரத்தில் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பசை இளகும்வரை காத்திருந்து, தூண்டில் நரம்பை அடியில் செலுத்தி இருபுறமும் மெல்ல அறுத்தபடி எடுக்கிறேன். உலோக நெம்புகோல் குத்திவிட்டால் தீப்பற்றக்கூடும். பயனீட்டாளரின் பாதுகாப்பைக் கருதியே கணினியைத் திறக்க முடியாதபடி செய்கிறோம் என்று யாராவது தங்களிடம் விளக்கம் தந்தால், அந்த வேலையை அரைமணி நேரம் என் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

ஃபிரேம்வொர்க் செய்திருப்பதில் என்னை அதிகம் கவர்ந்தது இன்னொன்று. 2021இல் வாங்கிய 13 அங்குலக் கணினியின் கூட்டுக்குள்ளேயே, பின்வந்த ஆண்டுகளின் தாய்ப்பலகையை, அதாவது செயலி அமர்ந்திருக்கும் முதன்மைப் பலகையைப் பொருத்தலாம். இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலியில் தொடங்கியவர், திரையையும் கூட்டையும் வைத்துக்கொண்டே 12க்கும் 13க்கும், 2023 முதல் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலிக்கும் மாறிக்கொள்ள முடிந்திருக்கிறது. கழற்றிய பழைய பலகையைக் குப்பையில் போடவேண்டியதில்லை. தனிப் பெட்டி ஒன்றில் வைத்துச் சிறிய மேசைக்கணினியாக ஓட்டலாம்.

அந்த நிறுவனத்துக்கு விளம்பரம் செய்வது என் நோக்கமில்லை. அதன் கணினிகள் விலை குறைந்தவை அல்ல. ஓர் ஆசிரியை இரண்டாயிரத்து முந்நூறு வெள்ளிக்கு எதிர்பார்க்கும் பொருள் அது அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். செயலி தாய்ப்பலகையோடு சேர்த்தே சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது. 2025இல் அவர்கள் அறிவித்த மேசைக்கணினியில் நினைவகத்தையும் சாலிடர் செய்திருக்கிறார்கள். அந்தச் செயலிக்கு வேண்டிய வேகம் வேறு வகையில் கிடைக்கவில்லை என்று காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். சில இடங்களில் தொழில்நுட்பம் உண்மையாகவே இடம் கொடுக்காது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விசைப்பலகையைத் திருகாமல் உருக்குவதற்கும், பேட்டரியைப் பசையில் புதைப்பதற்கும் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை என்பதை, பெரிய நிறுவனங்களோடு ஒப்பிட்டால் கடுகளவே உள்ள ஒரு நிறுவனம் செய்து காட்டிவிட்டது.

சில நாடுகள் சட்டத்தாலேயே இதைச் செய்கின்றன. பிரான்சில் 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணினியின் விலைக்குப் பக்கத்திலேயே, அதை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பவையும் அந்தக் கணக்கில் சேரும். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த சட்டப்படி, மொத்த விற்பனை விலை 100 டாலரும் அதற்கு மேலும் உள்ள மின்னணுப் பொருள்களுக்கு, அந்த மாடலின் உற்பத்தி நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் பாகங்களையும் கருவிகளையும் வழிமுறை ஆவணங்களையும் கிடைக்கச் செய்யவேண்டும். சுயேச்சையான பழுதுபார்ப்புக் கடைகளுக்கும் அவை கிடைக்கவேண்டும் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் தொழிலின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பினாங்கிலிருந்து இதை எழுதும்போது ஒரு வேடிக்கை மனத்தை உறுத்துகிறது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்தில் இன்டெல் ஆலை அமைத்தது 1972இல். அன்று முதல் இந்தத் தீவின் கைகள் உலகத்துக்காகச் சில்லுகளைப் பொதிந்தும் சோதித்தும் அனுப்பி வருகின்றன. பாலம் தாண்டிப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் விடியுமுன் ஏறிய அக்காமார்கள், நுண்ணோக்கியின் கீழ் முடியைவிட மெல்லிய கம்பியைப் பிணைத்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்த மடிக்கணினியின் அடித்தட்டைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒட்டுச்சீட்டு எச்சரிக்கிறது.

அமைச்சர் அவர்களே, நான் கேட்பது பெரிய சட்டப் புரட்சி எதுவும் அல்ல. 37ஆம் பிரிவில் உள்ள விலக்கை மின்னணுப் பொருள்களுக்கு எடுத்துவிட முடியுமானால் அதுவே சிறந்தது. அதற்கு நாடாளுமன்றம் செல்ல வேண்டும், காலம் பிடிக்கும் என்றால், அதுவரை அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையாவது வரையறுத்துவிடுங்கள். பெட்டிக்குள் இருப்பது அறிவிப்பாகாது. கடையில் விலைச்சீட்டின் பக்கத்தில், தேசிய மொழியில், ‘இந்தக் கணினிக்கு இத்தனை ஆண்டுகள் பாகம் கிடைக்கும்’ என்று எண்ணால் எழுதியிருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதட்டும். ஈராண்டு என்று எழுதிய கணினியையும் ஏழாண்டு என்று எழுதிய கணினியையும் லோ யாட், கொம்தார் கடைவளாகங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தாய்தந்தையர், இருநூறு வெள்ளி வித்தியாசத்தை எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களோடுதான் தினமும் பேசுகிறேன்.

அரசாங்கம் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வாங்கும்போது, குத்தகை விதிமுறைகளில் பேட்டரியும் விசைப்பலகையும் தனித்தனியே மாற்றத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கும்படி நிதியமைச்சிடம் தாங்கள் பேசவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் ஆயிரமாக வாங்குகிறவர் சொன்னால் உற்பத்தியாளர் கேட்பார். ஒன்று வாங்கும் ஆசிரியை சொன்னால் கேட்கமாட்டார். தூக்கியெறியப்படும் மின்னணுப் பொருள்களை 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 110 என்று எண் கொடுத்து அட்டவணைக் கழிவாகக் கட்டுப்படுத்தும் நாடு நாம். கழிவான பிறகு அவ்வளவு கண்டிப்பு காட்டுகிறோம். கழிவாகும் முன் ஒரு விசைப்பலகைக்கு வழி செய்வதில்லை.

அந்த ஆசிரியையின் கணினி இன்னும் என் கடை அலமாரியில்தான் இருக்கிறது. அதே மாடலில் திரை உடைந்த ஒன்று விலைக்கு வருமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை அவர் வெளி விசைப்பலகை ஒன்றைக் கைப்பேசியோடு இணைத்துப் பாடத்திட்டம் எழுதுகிறார். நிறுவனத்தின் பெயரை மறைத்து, கையேட்டின் மூன்றாம் பக்கப் படியை இம்மடலோடு இணைத்திருக்கிறேன். குறிப்பிட்ட வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன். உருப்பெருக்கி இல்லாமல் படிக்கச் சற்றுச் சிரமமாக இருக்கும், பொறுத்தருளுங்கள்.

இப்படிக்கு,
மடிக்கணினி பழுதுபார்ப்பவன்,
பட்டர்வொர்த், பினாங்கு.

நகல்: பினாங்கு பயனீட்டாளர் சங்கம்