அப்பா கடலில் இருக்கிறார், அம்மா கையெழுத்துப் போடலாமா?

மதிப்பிற்குரிய சாரணர் சாரணியர் படைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளை உங்கள் சாரணியர் படையில் சேர்க்க அலைந்துகொண்டிருக்கும் அம்மா நான். என்ன பிரச்சினை என்பது உங்களுக்கே தெரியும். போன சனிக்கிழமையும் உங்கள் வராந்தாவில் நின்றுவிட்டுத்தான் திரும்பினோம். சேர்க்கைப் படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும், அதையும் அவர் நேரில் வந்து உங்கள் முன்னால் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அம்மா கையெழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நீங்கள் சேர்க்கை நடத்துவது சனிக்கிழமை மாலையில் மட்டும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகும் நாட்கள் திங்கள், புதன், சனி. இந்தத் தீவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். சனிக்கிழமை காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போகிற படகு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கரை திரும்பும். என் வீட்டுக்காரர் படகு முதலாளி இல்லை, பங்குக்குப் போகிற ஆள். ஒரு சனிக்கிழமை நின்றால் அன்றைய பங்கு போச்சு. நின்று பழகிவிட்டால் அடுத்த தடவை அவர் இடத்தில் வேறு ஒருவர் ஏறியிருப்பார்.

இதைச் சொன்னதும் உங்களில் ஒருவர் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். "தடைக்காலத்துல வீட்லதானம்மா இருப்பாரு, அப்பக் கூட்டிட்டு வாங்க." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது உண்மைதான். அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு, அது முடிந்தால் மே மாத லீவு, உங்கள் படைக் கூட்டமும் நடக்காது. மறுபடி நீங்கள் கூட்டம் ஆரம்பிக்கும்போது ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியிருக்கும். மீதி இருப்பது புயல் நாள். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் இவர் வீட்டில்தான் இருப்பார், வரச் சொன்னால் வருவார். ஆனால் புயல் என்றால் பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டுவிடுவார்களே! அப்பாவும் படிவமும் ஒரே இடத்தில் சந்திக்க நீங்களே ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.

பிள்ளைக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை உங்களைப் பார்க்கக் காத்திருந்தபோது, வராந்தா ஓரத்தில் ஒரு அணிக்கு முடிச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தடித்த கயிற்றை மடக்கி ஒரு வளையம், மெல்லிய கயிறு அதற்குள் புகுந்து, பின்னால் சுற்றி வந்து, தன் மேலேயே அழுந்திக்கொள்கிறது. ஷீட் பெண்ட் என்று சார் சொன்னார். என் மகள் என் சேலையை இழுத்து, "அம்மா, இது வலை முடிச்சும்மா" என்றாள். அவள் சொன்னது சரி. வலையின் ஒவ்வொரு கண்ணியிலும் விழுவது அந்த முடிச்சுதான். கிழிந்த வலை கரைக்கு வந்தால் இவள் ஊசியில் நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அறுந்த கண்ணியை வெட்டிச் சுத்தம் செய்து, மேல் கண்ணியில் ஊசியை விட்டு, பெருவிரலால் அழுத்திப் பிடித்து, சுண்டி இறுக்குவாள். கண் வேறெங்கோ இருக்கும், வாய் கதை பேசிக்கொண்டிருக்கும், கை அது பாட்டுக்குப் போகும். வீட்டு வேலை என்று நினைத்திருந்த ஒன்றை விசிலும் ஸ்கார்ஃபும் போட்டு ஒரு பாடமாகச் சொல்லித் தருகிறார்கள் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்துதான் இந்தப் பிடிவாதம்.

அந்தப் பிள்ளையிடம் "அப்பா வரல, நீ போ" என்கிறீர்கள். பக்கத்தில் நிற்கிற நான் யார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்கிறேன். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படைக்காரர்கள் படகோடு ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்களே, அப்போது கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்பது யார்? பெண்டாட்டியும் அம்மாவும்தான். அந்த மனுவில் எங்கள் கையெழுத்து செல்லுகிறது. "ஆம்பளையக் கூட்டிட்டு வாம்மா" என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. சுயஉதவிக் குழுக் கடனுக்கு எங்கள் கையெழுத்து செல்லும். நகையை அடகு வைக்கச் செல்லும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது, குடும்பத் தலைவி என்று அரசாங்கமே எங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறது. பெற்ற பிள்ளையை விசில் ஊதக் கற்றுக்கொள்ள அனுப்புவதற்கு மட்டும் அந்தத் தலைவிக்கு அதிகாரம் போதவில்லை.

1999இல் உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில், அப்பா பக்கத்தில் இல்லாத நிலையில் அம்மாவே இயற்கைப் பாதுகாவலராக இருக்கலாம் என்று சொன்னது. அது இந்துச் சட்டம் பற்றிய வழக்கு, நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆகவே தீர்ப்பைக் காட்டி உங்களிடம் வாதாட வரவில்லை. அம்மா கையெழுத்தை ஏற்காத ரிசர்வ் வங்கியோடு கீதா ஹரிஹரன் அம்மா வழக்காடித் தீர்ப்பு வாங்கி இத்தனை வருஷம் ஆன பிறகும் ஒரு சாரணர் படிவத்துக்கு நான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம்தான்.

உங்கள் இயக்கத்தின் கதையை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். 1907இல் பேடன் பவல் முதல் முகாம் போட்டது பிரவுன்சீ என்கிற தீவில். பெரிய பள்ளிக்கூடத்துப் பணக்கார வீட்டுப் பையன்களையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் ஒரே கூடாரத்தில் கலந்து தங்கவைப்பதுதான் அந்த முகாமின் சோதனையே. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர்கள் திரண்டபோது, யாரும் அழைக்காமலே பெண்பிள்ளைகள் சிலர் சாரணர் வேஷத்தில் வந்து நின்றார்கள். அடுத்த வருஷம் சாரணியர் அமைப்பு பிறந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அன்றைக்கு அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால், சாரணியர் என்று ஒரு பிரிவு இன்றைக்கு இருந்திருக்குமா? நம் நாட்டிலும் முதலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் இடம். 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் தனியாகச் சங்கம் தொடங்கித்தான் இந்தியப் பையன்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். சாரணர் எல்லோருக்கும் நண்பர் என்று விதி வைத்திருக்கிறீர்கள். அந்த எல்லோரில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவன் மகளும் உண்டுதானே?

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், மனதில் வைத்திருந்தால் அழுகிவிடும். கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை பேனரோடு எங்கள் ஊருக்கு வருகிறீர்கள். கையுறை மாட்டிய பிள்ளைகள் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். வருவது சந்தோஷம்தான். ஆனால் அந்த போட்டோவுக்கு வெளியே வத்தை என்கிற சின்னப் படகின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற எங்கள் பிள்ளைகளில் ஒன்றையாவது "நீயும் வர்றியா" என்று கேட்டதுண்டா? 2025 தொடக்கத்தில் மணப்பாறையில் சாரணர்களின் வைர விழாப் பெருந்திரளணி நடந்தபோது டிவியில் பார்த்தோம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்கள் எந்த எந்தக் கடலையோ தாண்டி வந்துவிட்டார்கள், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் படிவத்தைத் தாண்ட முடியவில்லை. சாரணர் படியெல்லாம் ஏறி முடித்தால் கடைசியில் குடியரசுத் தலைவர் பெயரில் ஒரு விருது தருகிறீர்களே, 2002 முதல் 2007 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் இந்தத் தீவில் பிறந்தவர், படகு வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளை. அவர் பிறந்த நாளுக்கு மேடையில் அவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களும் நீங்கள்தான்.

சரி, பேச்சு எங்கோ போய்விட்டது. சண்டை போடுவது என் நோக்கமில்லை. சனிக்கிழமை தோறும் சம்பளம் எதிர்பார்க்காமல் அந்த வெயிலில் பிள்ளைகளோடு நிற்கிற சாரண ஆசிரியர்களை மரியாதையோடுதான் நினைக்கிறேன். யாருடைய பிள்ளை, யாருக்குத் தெரிந்து முகாமுக்கு அனுப்பினார்கள் என்ற கேள்வி நாளைக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. அதற்கு வேண்டிய காகிதம் எதுவானாலும் தருகிறேன். ரேஷன் கார்டு, அவளுடைய பிறப்புச் சான்று, என் ஆதார், அவளுடைய தலைமையாசிரியரின் கடிதம், எது கேட்டாலும் கொண்டுவருகிறேன். அப்பாவுக்குத் தெரியுமா என்ற சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அவருக்கு போன் போடுங்கள், தூங்கி எழுந்திருப்பார், பேசுவார். சீருடை தைக்க அவர்தான் காசு எடுத்து வைத்திருக்கிறார்.

கேட்பது ஒன்றுதான். படிவத்தில் அப்பா கையெழுத்து என்று இருக்கிற இடத்தில் அம்மா கையெழுத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். என் மகளுக்கு மட்டும் சலுகையாக வேண்டாம். மண்டபத்திலிருந்தோ பாம்பனிலிருந்தோ நாளைக்கு வேறொரு அம்மா வந்து நின்றால், அவளும் இதே பதிலைக் கேட்டுத் திரும்பக் கூடாது. அச்சடித்த படிவத்தை மாற்ற நாளாகும் என்றால் பேனாவால் அடித்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வரும் சனிக்கிழமை மாலை மகளோடு வருகிறேன். படிவத்தை வாங்கிக்கொள்ளும்படி தயவுசெய்து அங்கே இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து,
இன்னும் சாரணி ஆகாத ஒரு பிள்ளையின் அம்மா