முத்தியால்பேட்டை சைக்கிள் கடை அண்ணனுக்கும் எல்லோருக்கும்

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுத மனசு வரவில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி துணைக்கு இருந்தவர்கள், சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா, போனிலேயே நூல் பின்னல் சொல்லிக்கொடுத்த சித்தி, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

சைக்கிள் கடை அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வார்டு ஏசி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மஃப்ளர் பின்னலாம் என்று காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வெள்ளையும் நீலமுமாக நூல் வாங்கினேன். மஃப்ளர் புரளும், பின்பக்கமும் தெரியும். கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, இடம் மாற்றிக் கயிறு போல முறுக்குவது கேபிள் பின்னல். சாதாரண கேபிள் பின்னலில் முறுக்கு ஒரு பக்கம்தான் அழகு. சித்தி சொன்ன பிரியோஷ் என்ற பின்னல் முறையில் இரண்டு பக்கமும் முறுக்கு விழும், ஒரு பக்கம் வெள்ளை எடுப்பாக, மறுபக்கம் நீலம் எடுப்பாக. அதற்கு ஒவ்வொரு வரிசையையும் நிறத்துக்கு ஒரு தடவையாக 2 தடவை பின்ன வேண்டும். வெள்ளை முடிந்ததும் திருப்பாமல், பின்னலை ஊசியின் அடுத்த முனைக்குத் தள்ளி, அங்கே நிற்கும் நீல நூலை எடுக்க வேண்டும். என் ஊசிகளிலோ ஒரு முனையில் குமிழ். இருமுனை ஊசி தேடி நேரு வீதி முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை.

பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் அண்ணன், "கையில என்னம்மா?" என்றார். சொன்னேன். ஊசிகளை வாங்கிக் குமிழை வெட்டினார், அரத்தால் ராவினார், உப்புத்தாளில் தேய்த்தார். "நூல் மாட்டக் கூடாதில்ல?" என்று முனையைத் தன் கன்னத்தில் இழுத்துப் பார்த்தார். அப்புறம் பழைய ஸ்போக் ஒன்றை நறுக்கி, நடுவில் லேசாக வளைத்துக் கொடுத்தார். 8 கண்ணி முறுக்கில் 4 கண்ணியை அதில் ஏற்றி முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்த 4-ஐ முதலில் பின்னுவேன். வளைவு இருப்பதால் கண்ணி நழுவவே இல்லை. பஞ்சருக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

அந்த நாட்களில் எல்லோரும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். அக்கறையில் கேட்டதுதான். என் கையில் இருந்ததைக் கேட்டவர் அவர் ஒருவர். கண்ணி எண்ணிக்கொண்டிருக்கும்போது மனசு கண்ட இடத்துக்கு ஓடாது. வார்டு வாசலில் என்னை உட்கார வைத்தது அந்தப் பின்னல்தான்.

இதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், சொல்லித்தருகிறேன். ஊசி இல்லையென்றால் அண்ணன் கடைக்கு நானே கூட்டிப்போகிறேன். இந்த முறை அவர் கூலி வாங்கித்தான் ஆக வேண்டும்.