ஆலை வாசலில் ஒரு பையன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. உன் மகளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது போனில் பழைய ஊமைப்படங்கள் பார்த்தேன். கதைப்படம் இல்லை. 1900-ஐ ஒட்டி இங்கிலாந்தில், பிளாக்பர்ன் ஊர்க்காரர்களான சாகர் மிட்செல், ஜேம்ஸ் கென்யன் இருவரும் எடுத்தவை. ஆலை விடும் நேரத்தில் வாசலில் கேமராவை நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றுகிறார்கள். சால்வை போர்த்திய பெண்கள், தொப்பி வைத்த ஆண்கள், பொடிப் பையன்கள் எல்லாரும் சாரிசாரியாக வருகிறார்கள். அவ்வளவுதான் படம். அந்தக் காலத்தில் 12 வயதுப் பிள்ளையைச் சட்டப்படியே பாதி நாள் ஆலைக்கும் பாதி நாள் பள்ளிக்கும் அனுப்பலாம்.

எதற்கு எடுத்தார்கள் தெரியுமா? வியாபாரம்! சந்தையில் கொட்டகை போட்டுப் படம் காட்டுகிறவர்கள் சொல்லி எடுத்தது நிறைய. தன் மூஞ்சியைத் திரையில் பார்க்க யார்தான் காசு கொடுக்க மாட்டார்கள்? எத்தனை முகம் விழுகிறதோ அத்தனை டிக்கெட். சரித்திரத்துக்காக என்று எடுத்திருந்தால் இந்தச் சனங்களைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேமராவைக் கடந்து போன ஒரு பையன் சுற்றிக்கொண்டு ஓடிவந்து மறுபடியும் எதிரே நின்று இளிக்கிறான். சாட்சாத் நீயேதான். உன் அக்கா கல்யாணத்தில் வீடியோ லைட் பின்னாலேயே அலைந்து உன் மாமாவிடம் அடி வாங்கினாயே!

இவை பிழைத்ததே அதிர்ஷ்டம். 1994-இல் பிளாக்பர்னில் ஒரு பழைய கடையில் இடிப்பு வேலை நடந்தபோது, நிலவறையில் மூன்று உலோகப் பீப்பாய்களில் 800-க்கு மேற்பட்ட நெகட்டிவ் சுருள்கள் கிடைத்தன. எல்லாம் நைட்ரேட் பிலிம். எளிதில் தீப்பிடிக்கும், இல்லாவிட்டால் மெல்ல மக்கிப்போகும். பிறகு பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் அவற்றைச் சீர்படுத்தியது. இப்போது இந்த மாதிரிப் படங்களுக்குச் சிலர் கலர் பூசி, வண்டிச் சத்தமும் ஒட்டிவிடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் வந்ததும் முகங்களை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம்.

அப்புறம் ஒன்று. அக்கா கல்யாண கேசட் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா? பூஞ்சை பிடிப்பதற்குள் யாரிடமாவது கொடுத்து மாற்றி வை. அதில் எங்கப்பா பந்தி பரிமாறுவாராம். கட்டுப் பிரித்த அன்றைக்கே அம்மா கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
சேகர்