ஆறு வாரம் கழித்து அதே வாய்

அன்பு மகளுக்கு,

அடுத்த வாரத்திலிருந்து ஈறு நோய்ப் பிரிவில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் உன் பொறுப்பில் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதே வேலையைச் செய்து ஓய்வு பெற்ற உன் அம்மா சும்மா இருக்க மாட்டாள் என்பதும் உனக்குத் தெரியும்.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கும் கோடிட்ட கருவியான புரோபிலிருந்தே தொடங்கு. வில்லியம்ஸ் புரோபில் 4, 6 ஆகிய கோடுகள் இல்லை என்பதை முதல் நாளே காட்டாவிட்டால், 3-க்கு அடுத்த கோட்டை 4 என்று எழுதிவிடுவார்கள். அழுத்தம் சுமார் 25 கிராம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். கைக்கு அது தெரியாது. கிருமி நீக்கிய ஒரு புரோபின் நுனியைத் தங்கள் கட்டைவிரல் நகத்தடியில் வைத்து, வலி தொடங்கும் முன் நிறுத்திப் பார்க்கச் சொல்.

நான் செய்த பிழையை நீ செய்யாதே. இத்தனை பேருக்கு ஸ்கேலிங் (பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை எடுப்பது) முடித்தாயா என்று எண்ணிக் கையெழுத்திட்டேனே தவிர, காரை எடுத்த அந்த வாயை மாணவர் மறுபடி பார்த்தாரா என்று கேட்டதில்லை. 1965-இல் டென்மார்க்கில் லோ என்பவரும் அவர் குழுவினரும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆறியது. அதே லோ இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை, பல் மருத்துவமே எட்டாத நிலையில், 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதோ, எல்லோர் பல்லிலும் அழுக்கு இருந்தும் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகப் பரவியது, 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. யார் எந்த வகை என்பதை ஒரே நாளில் பார்த்துச் சொல்லிவிட முடியாது. புகைப்பவருக்கு நோய் இருந்தும் ஈறில் இரத்தம் கசிவது குறைவு. அதை நம்பி ஏமாந்த மாணவர்கள் பலர்.

ஸ்கேலிங் செய்தால் பல்லில் சந்து விழும் என்று நோயாளிகள் அஞ்சுவார்கள். வீக்கம் வற்றி, சந்தை அடைத்திருந்த காரையும் போனபின் இடைவெளி தெரியத்தான் செய்யும். அதை முன்கூட்டியே சொல்லாத மாணவரிடம் நோயாளி திரும்பி வரமாட்டார்.

ஆகவே பதிவேட்டில் ஆறு வாரம் கழித்து எடுத்த அளவுகளுக்கும் ஒரு பக்கம் வை. அது நிரம்பாமல் கையெழுத்திடாதே. காரையைச் சுரண்டும் கியூரெட்டைத் தீட்டும் என் பழைய ஆர்கன்சா கல் அலமாரியில்தான் இருக்கிறது; பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா