இரண்டாவது வாங்கில் கட்டிய நாடா

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குச் சபையினருக்கும்,

திருவிழாத் திருப்பலியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள். முன்னால் உள்ள நான்கு வாங்குகளுக்கு வெள்ளைத் துணி விரித்து, பொன்னிற நாடா கட்டி, 'அதிதிகளுக்கு' என்று அட்டையும் தொங்கவிட்டிருந்தீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்த நாடாவை அவிழ்த்துவிடுங்கள். இனி எந்தத் திருவிழாவுக்கும் கட்டாதீர்கள்.

என் தாயாருக்கு 78 வயது. இடது காது கேட்காது, வலது காதும் பாதிதான். பீடத்தில் நிற்பவரின் வாயசைவைப் பார்த்துத்தான் அவர் பூசையோடு சேர்ந்து செபிக்கிறார். அதனால்தான் அவருக்கு எப்போதும் இரண்டாவது வாங்கு. ஆறரை மணிப் பூசைக்கு ஐந்து மணிக்கே முச்சக்கர வண்டியில் வந்து, வாசலில் கைப்பையைத் திறந்து காட்டி (இலங்கையில் ஆலயங்களில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அது எங்களுக்குப் பழகிவிட்டது), வழக்கமான இடத்தில் அமர்ந்துவிட்டார். அப்போது நாடாவும் இல்லை, துணியும் இல்லை.

ஆறு மணியளவில் மார்பில் அட்டை குத்திய இளைஞர் ஒருவர் வந்து, "அம்மா, இது அதிதிகளுக்கு" என்றார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. சிரித்துத் தலையாட்டினார். அந்த இளைஞர் சற்று உரக்கச் சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது பாதி ஆலயம் திரும்பிப் பார்த்தது. அம்மா முன் வாங்கைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை ஒரு கையால் அழுத்தியபடி எழுந்தார். அந்தப் பிள்ளையை நான் குறைசொல்லவில்லை. சொன்னதைச் செய்தார், கையைப் பிடித்து மெதுவாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். போன இடம் வெளியே பந்தலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அங்கே ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும்தான் வரும், பீடம் தெரியாது. நான் பாடகர் குழுவோடு மேல்மாடத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. இந்த மடலில் உள்ள கோபத்தில் பாதி எனக்கும் உரியது.

காணிக்கைக்கென்று அம்மா கைக்குட்டை முனையில் நூறு ரூபாயை முடிந்து வைத்திருந்தார். காணிக்கைப் பை பந்தல்வரை வரவில்லை. வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்க்காமலேயே கைக்குட்டையை மேசையில் வைத்தார். பூசை எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "நல்ல கூட்டம்" என்றார். அவ்வளவுதான்.

அதிதியோ மறையுரையின் நடுவில் வந்து சேர்ந்தார். அவருடைய வாகனங்களில் ஒன்றின் கதவைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை. மறையுரை நின்றது. நற்செய்தி வாசிக்கும்போது எழுந்து நிற்பது நம் முறை. அன்று நாம் இன்னொரு முறையும் எழுந்தோம். நற்கருணை வழங்குவதற்கு முன்பே அவரும் கூட வந்தவர்களும் புறப்பட்டுவிட்டார்கள். பந்தலில் அத்தனை பேர் கால்மாற்றி நின்றுகொண்டிருக்க, நான்கு வாங்குகளும் வெறுமையாகக் கிடந்தன. போய் உட்கார ஒருவருக்கும் துணிவு வரவில்லை. நாடா அதற்குள் அவ்வளவு புனிதமாகிவிட்டது.

பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட என் தம்பி, வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொரூபங்களைச் சுட்டிக்காட்டி, "இது சிலைவணக்கம் இல்லையா?" என்று கேட்பான். நானும் சளைக்காமல் விடை சொல்வேன். 787ஆம் ஆண்டில் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கம் வணக்கம் வேறு, ஆராதனை வேறு என்று பிரித்துச் சொல்லிவிட்டது, சொரூபத்துக்குச் செய்யும் வணக்கம் அது குறிக்கும் புனிதருக்கே போகிறது என்பேன். இந்தமுறை அவன் சொரூபத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அந்த நாடாவுக்குச் செய்த வணக்கம் யாருக்குப் போகிறது, அக்கா?" என்று மட்டும் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதியனுப்புங்கள், அவனிடம் கொடுக்கிறேன்.

நம்முடைய மறைக்கல்வி நூலின் 2113ஆம் எண்ணைப் பிள்ளைகளுக்கு நாமே கற்பிக்கிறோம். கடவுளுக்குரிய இடத்தில் படைக்கப்பட்ட ஒன்றை வைத்துப் போற்றினால் அது சிலைவழிபாடு என்கிறது அது. அதிகாரம், இனம், அரசு, பணம் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. (இந்த நாட்டில் இருந்துகொண்டு அந்த வரியை அவசரமாக வாசித்துவிட்டுப் போக முடியாது.) பொன் மோதிரக்காரருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் கால்மாட்டில் ஓரிடமும் காட்டுகிறவர்களை யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறாரே, அது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நமக்கு ஞாயிறு வாசகமாகவே வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலாவது முன்வரிசையில் இருப்பவர்கள் நெளிவார்களோ என்று நான் மேலிருந்து பார்ப்பதுண்டு. நெளிவதில்லை.

பூசை முடிந்ததும் சபை உறுப்பினர் ஒருவரிடம் கேட்டேன். "இதை யாரும் தீர்மானம் போட்டுச் செய்யவில்லை, வழக்கமாக வந்துவிட்டது" என்றார். சீனாய் மலையடிவாரத்தில் மக்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்துகொடுத்த ஆரோனும், மோசே கேட்டபோது ஏறக்குறைய இதையேதான் சொன்னார். மக்கள் பொன்னைத் தந்தார்கள், நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது! கன்றுக்குட்டி தானாக வருவதில்லை ஐயா. நாடாவும் கடையில் காசு கொடுத்து வாங்கியதுதான்.

எங்கே பார்த்தாலும் பெயர்கள். வாங்கின் முதுகில், தண்ணீர்க் குழாயின் தலைமாட்டில், மின்விசிறியின் இறக்கையில்கூட உபயகாரர் பெயர். மின்விசிறி மட்டும் பரவாயில்லை. சுற்றும்போது பெயர் தெரியாது, மின்சாரம் நின்றால்தான் வாசிக்கலாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற கட்டளையை நம் ஆலயத்தில் கடைப்பிடிப்பது அது ஒன்றுதான்.

ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் கரையோரத்தில் பதவி வேண்டுமென்றால் அவர்களுடைய சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டவர்கள் ஏராளம். 1796இல் ஆங்கிலேயர் வந்ததும் அவர்களில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டார்கள். அவர்கள் கும்பிட்டது பதவியை. அதே ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாள் கோலத்தில் இங்கே வந்தார் கோவாவைச் சேர்ந்த குருவான புனித யோசப் வாஸ். கத்தோலிக்கருக்குத் தடை இருந்ததால் இரவில், வீடுகளுக்குள் ஒளிந்து பூசை வைத்தார். அந்த வீடுகளில் முன்வரிசை எங்கே இருந்திருக்கும்? 2015 ஜனவரி 14 அன்று காலி முகத்திடலில் பாப்பரசர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, அம்மா முதல்நாள் இரவே போய்ப் புல்தரையில் துவாய் விரித்துக் காத்திருந்தார். அங்கே அவரை யாரும் எழுப்பவில்லை.

எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதிதிகளை அழைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வரட்டும், நேரத்துக்கு வரட்டும், இடமிருக்கும் வாங்கில் எங்களோடு உட்காரட்டும். ஒதுக்கித்தான் ஆகவேண்டும் என்றால் முன்வரிசையை முதியோருக்கும் காது கேளாதோருக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் ஒதுக்குங்கள். அதற்கு நாடா தேவைப்படாது. அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவை ஞாயிறு அறிவித்தலில் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சிறிய காரியம். அன்று எழுந்த அவசரத்தில் அம்மாவின் கண்ணாடிக் கூடு, பழுப்பு நிறம், இரண்டாவது வாங்கின் புத்தகத் தட்டில் விடுபட்டுவிட்டது. மறுநாள் போய்த் தேடினேன், துணியோடு சேர்த்து யாரோ எடுத்துவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கண்டெடுத்தவர்கள் பங்குப் பணிமனையில் கொடுத்துவிட்டால் நான் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாடகர் குழுவில் நிற்கும் பங்கு மகள் ஒருத்தி,
கொழும்பு 13