மேலே வர்ணம் பூசுவது எங்கள் வேலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தஞ்சாவூர் ஓவியங்கள் பற்றிய கட்டுரையை ஆசையாகத்தான் எடுத்தேன். “மங்கிப்போன படத்துக்கு மேலே வர்ணம் பூசிப் புதுசாக்கித் தருபவர்களும் கும்பகோணத்தில் உண்டு” என்ற வரிக்கு மேல் படிக்க முடியவில்லை. 24 வருடமாக இந்த ஊரில் பழைய படங்களைச் சரிசெய்கிறேன். ஒரு படத்தின் மேலும் வர்ணம் பூசியதில்லை.

ஆயுத பூஜை முடிந்ததும் ஒரு வீட்டிலிருந்து பாட்டி காலத்து வெண்ணெய்க் கிருஷ்ணர் படம் வந்தது. கண்ணாடி உடைந்திருந்த படத்தை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். அடியில் இருப்பது சுக்கான் மாவும் (சுண்ணாம்புக்கல் பொடி) பசையும்தானே, தண்ணீர் பட்டால் தாங்குமா? கிருஷ்ணர் கழுத்து மாலை பொருமி, அதன் மேல் ஒட்டிய தங்க ரேக்கு என்னும் மெல்லிய தகடு செதிள் செதிளாக எழும்பியிருந்தது. உதிர்ந்த கற்களைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். முதலில் ரேக்கை மெல்லிய தாள் வைத்துப் படியவைத்தேன். அப்புறம் குச்சியில் பஞ்சு சுற்றி விளக்குப் புகையை எடுத்தேன். ஒரு நாளைக்கு அந்தத் தீப்பெட்டி அளவு இடம்தான் நகரும். சுண்டுவிரலில் வர்ணம் போன இடத்தில் மட்டும் மயிரிழைக் கோடுகள் போட்டேன். நாலடி தள்ளி நின்றால் விரல் தெரியும், கிட்டே வந்தால் புதுக்கோடு தெரியும். நாளைக்கு வேறொருவர் அதை எடுத்துவிடவும் முடியும். எல்லாம் முடிந்தபின், “புதுக் கல்லாப் பளபளன்னு பதிச்சிருக்கலாமே சார்” என்றார் வீட்டுக்காரர்.

அவரையாவது மன்னிக்கலாம். ஒரு கோயிலில் விதானத்து ஓவியங்களைப் பார்க்கப் போனேன். கும்பாபிஷேகத்துக்காக எனாமல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, “சதுர அடிக்கு உங்க ரேட் என்ன?” என்று திருப்பிக் கேட்டார்கள். கவின்கலை படித்த பையன் ஒருவன் என்னிடம் ஆறு மாதம் வேலை கற்றான். நல்ல கை. “பெயின்டராக்கவா படிக்க வைத்தேன்” என்று அவன் அப்பா கூட்டிப் போய்விட்டார். உங்கள் கட்டுரையைப் படித்தால் அவர் செய்தது சரி என்றுதான் நினைப்பார்.

தஞ்சைப் பெரிய கோயில் விஷயம் தாங்கள் அறியாததல்ல. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சோழர் ஓவியம் வேண்டும் என்பதற்காக நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறிந்துவிடவில்லை. தொல்லியல் துறையினர் அதைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துப் பலகையில் பதித்து வைத்தார்கள். இரண்டும் இன்று இருக்கின்றன. அவர்கள் செய்த வேலையின் சிறு துண்டைத்தான் நான் என் வீட்டுத் திண்ணையில் செய்கிறேன்.

நீங்கள் அந்த வரியைத் திருத்தாவிட்டாலும் சரி. அடுத்த நவராத்திரிக்கு முன் நாலு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: பழைய படத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், உதிர்ந்தது எதுவானாலும் பெருக்கிக் கொட்டாமல் காகிதத்தில் மடித்து, படத்தோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓவியம் பழுதுபார்ப்பவர்,
கும்பகோணம்