கிளுவை வேலியும் 32 படங்களும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் மாடு மேயும் உங்கள் கொறங்காடுதான். உன் அம்மா போனில் சொல்லியிருப்பார்கள், நாலு ஞாயிற்றுக்கிழமையாகக் கேமராவும் ட்ரைபாடுமாக அங்கேதான் கிடந்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சின்னவள் பத்தாவது போய்விட்டாள். ஐப்பசி மழை இந்த வருஷம் நன்றாகப் பிடித்ததால் காட்டில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காட்டுக்கு மேற்கே இருக்கும் நிலத்தை சோலார் போடக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வெள்வேலா மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தால் இடது கோடியில் ஊதியூர் மலை, நடுவில் கண்ணுக்கு எட்டியவரை காடும் காற்றாலையும், வலது கோடியில் சிவன்மலை. பத்து வயசிலிருந்து நாம் பார்த்த காட்சி அது. அதை ஒரே படமாக, பெரிதாக, கிட்டப் போய்ப் பார்த்தால் வேலி முள்ளும் தெரிகிற மாதிரி எடுத்து வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் போனிலேயே பனோரமா எடுத்துப் பார்த்தேன். சின்னத் திரையில் அழகாகத்தான் இருந்தது. பெரிதாக்கினால் மலை ஒரு தீற்றல், காற்றாலை இறக்கைகள் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தன. சரி, கேமராவில் தனித்தனிப் படமாக எடுத்துக் கம்ப்யூட்டரில் இணைத்துவிடலாம் என்று அடுத்த ஞாயிறு போனேன். இடமிருந்து வலமாகக் கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்து வந்து சேர்த்தால், வானம் பூராவும் பட்டை பட்டையாக, ஒரு பட்டை வெளுப்பு, அடுத்தது கருநீலம். கேமராவை ஆட்டோவில் விட்டிருந்தேன், அது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைப் புதிதாகக் கணக்குப் போட்டிருக்கிறது. அப்புறம் எல்லாவற்றையும் கையால் பூட்டிவிட்டேன். அபெர்ச்சர் 8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் வேகம் நொடியில் 250-ல் ஒரு பங்கு, ஒயிட் பேலன்ஸ் வெயிலுக்கு என்று வைத்து, ஒரு தடவை போகஸ் செய்ததும் ஆட்டோ போகஸையும் அணைத்துவிட்டேன். லென்ஸில் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடி மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும், சூரியன் இருக்கும் திசையைப் பொறுத்து வானத்தை அது ஒரு பக்கம் மட்டும் கறுக்க வைத்துவிடும்.

ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்காவது ஏறி நிற்க வேண்டும். கட்டிங் டேபிளில் தினமும் நிற்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, தையலுக்குத் துணி விடாமல் வெட்டினால் எதைப் பிடித்துத் தைப்பது? அதனால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, லென்ஸை 50 மில்லிமீட்டரில் வைத்து, படத்துக்குப் படம் 12 டிகிரி நகர்த்தினேன். வரிசைக்கு 16 படம், மேலும் கீழுமாக இரண்டு வரிசை, ஆக 32 படம்.

அப்படியும் அந்தக் கிளுவை வேலி என்னை விடவில்லை மாப்ள. மலை, காற்றாலை, பனைமரம் எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்துவிட்டன, பத்தடி முன்னால் இருக்கிற வேலி மட்டும் இணைகிற இடத்திலெல்லாம் உடைந்து நின்றது. ஒரு கிளை பாதியில் அறுந்து அரை விரல் தள்ளி மறுபடி முளைத்திருக்கிறது, ஒரு தண்டுக்கு இரண்டு நிழல். காரணம் தெரிய ஒரு ராத்திரி ஏழாவது படத்தையும் எட்டாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழில் ஒரு கிளுவைத் தண்டுக்கு இடப்பக்கம் தூரத்துக் காற்றாலைத் தூண் தெரிகிறது. எட்டில் அதே தூண் தண்டுக்குப் பின்னால் ஒளிந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது. கேமரா திரும்ப மட்டும் செய்யவில்லை, கொஞ்சம் நகர்ந்தும் இருக்கிறது. கட்டைவிரலை முகத்துக்கு நேராக நீட்டி ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பார், விரல் பின்சுவரில் இடம் மாறும். அதே கதைதான். ட்ரைபாட் திருகு கேமராவுக்கு அடியில் இருக்கிறது, ஆனால் ஒளி உள்ளே நுழைகிற வாசல் லென்ஸுக்குள் முன்னால் தள்ளி இருக்கிறது. திருகைச் சுற்றித் திருப்பினால் அந்த வாசல் ஒரு வட்டத்தில் நகர்ந்துகொண்டே போகும். ஐந்து மைல் தள்ளி இருக்கிற மலைக்கு அந்தச் சின்ன நகர்வு ஒன்றுமே இல்லை, பத்தடியில் இருக்கிற முள்ளுக்கு அது பெரிய விஷயம்.

அந்த வாசல் திருகுக்கு நேர் மேலே வரும்படி கேமராவைப் பின்னால் இழுத்துப் பொருத்தினால் போதும். அதற்கென்று கடையில் விற்கும் தாங்கி விலை அதிகம் என்பதால், நம் ஊர் லேத் பட்டறையில் ஓர் அலுமினியப் பட்டையில் நீளமாகத் துளை போட்டு, செங்குத்தாகக் கேமராவைப் பிடிக்க ஒரு எல் வடிவத் தகடும் வைத்து வாங்கிக்கொண்டேன். வீட்டு வாசலில் ஒரு குச்சியை நட்டு, தெருக்கோடி மின்கம்பத்தோடு நேராக வைத்து, கேமராவை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் குச்சியும் கம்பமும் ஒன்றுக்கொன்று விலகாத இடம் கிடைத்தது, திருகிலிருந்து கிட்டத்தட்ட எட்டு சென்டிமீட்டர் பின்னால். பட்டையில் அந்த இடத்தில் கோடு கீறி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் வேலி இம்மி பிசகாமல் சேர்ந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

ஹூகின் என்று ஒரு இலவச சாப்ட்வேர்தான் பயன்படுத்துகிறேன். ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1998-ல் எழுதிய பனோரமா டூல்ஸின் மேல் கட்டியது. இரண்டு படத்திலும் இருக்கும் ஒரே புள்ளிகளை, ஒரு பாறையின் முனை, ஒரு ஓட்டின் மூலை என்று தானே தேடிப் பிடித்து, அதை வைத்துக் கேமரா எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தது, லென்ஸ் எவ்வளவு வளைக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும். அசைகிற பொருளில் புள்ளி பிடித்துவிட்டால் மட்டும் கணக்கு கெட்டுவிடும். மேகத்திலும் காற்றாலை இறக்கையிலும் விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக நானே அழித்தேன். மேகம் திட்டுத்திட்டாக ஓடுகிற நாளில் எடுக்கவே கூடாது, தரையில் ஓடும் நிழல் ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. ஆடி மாசக் காற்றில் ட்ரைபாடும் நிற்காது, புல்லும் நிற்காது. கார்த்திகைக் காலைதான் சரி. காலை வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து மேற்கு முழுக்க விழும், அதில் ஒரே தொல்லை நம் நிழலும் நீளமாகப் படத்தில் விழும். அதற்காகத்தான் கல்லைவிட்டு நகர்ந்து வெள்வேலா மரத்தின் நிழலுக்குள்ளேயே நின்றுகொண்டேன். மரத்தின் நிழல் என் நிழலை விழுங்கிவிட்டது.

உங்கள் மயிலை மாடு எடுத்துக்கொண்டிருக்கும்போதே மேய்ந்தபடி நடந்து படத்தில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. வேண்டாததை மறைத்துவிட வசதி இருக்கிறது, எதை வைப்பது என்று அம்மாவிடம் கேட்டேன். "தண்ணித் தொட்டிகிட்ட நிக்கறதே இருக்கட்டுங் கண்ணு" என்றார்கள். அப்படியே வைத்துவிட்டேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "நேரா இருக்கற வேலி எதுக்கு இப்படி வளைஞ்சு கெடக்குது?" நம்மைச் சுற்றி ஒரு பெரிய டின் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், காட்சியை அதன் உள்பக்கம் ஒட்டி, பிறகு லேபிளைப் பிரித்து மேசையில் விரிக்கிற மாதிரி என்று சொன்னேன். வேலி நமக்கு நேர் எதிரே கிட்டத்தில் இருப்பதால் அங்கே பெரிதாகவும், இரண்டு கோடியிலும் தூரம் போவதால் சிறுத்தும் தெரிகிறது. நேராகவே வைக்கவும் ஒரு முறை உண்டு, ஆனால் 120 டிகிரிக்கு மேல் போனால் இரு ஓரமும் ரப்பர் மாதிரி இழுபடும். நம்முடையது 190 டிகிரிக்கு மேல். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கல்லில் உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒன்று தெரிந்தது. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் எடின்பரோவில் கால்டன் குன்றின் மேல் நின்று ஊர் முழுவதையும் சுற்றி வரைந்து, 1787-ல் அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அந்த வகை ஓவியங்களுக்கு வந்த பெயர்தான் பனோரமா. சிவன்மலை உச்சியிலிருந்து முழு வட்டமும் எடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. தைப்பூசக் கூட்டம் முடிந்த பிறகு போகலாம் என்றிருக்கிறேன், நீ அப்போது ஊருக்கு வந்தால் சேர்ந்தே ஏறலாம்.

முடிந்த படம் அகலத்தில் 40,000 பிக்சலுக்கு மேல் இருக்கிறது. இஞ்சுக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் 11 அடி நீளம் வரும். உன் புனே வீட்டுக் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் இருக்கிற சுவரை அளந்து, ஜன்னல் எங்கே வருகிறது என்பதையும் சேர்த்து எழுது. அதற்கேற்ற மாதிரி அச்சடித்து, சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள